பிரித்துச் சொன்ன பெயர்

"என் மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, அம்மா. பெயரும் வைத்துவிட்டார்கள். என்ன பெயர் என்று எனக்கு மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறாள்."

புலவர் மருதவாணர் இப்படிச் சொல்லிக்கொண்டேதான் உமையாள் அம்மையின் முன்னால் வந்து நின்றார்.

அம்மை அவரைவிட வயதில் இளையவள். இலக்கணம் சொல்லிக்கொடுப்பவள். சொல்லும் சொல்லும் எப்படிச் சேர்கின்றன என்று கேட்கச் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஆணும் பெண்ணுமாக வருவார்கள். இலக்கணத்தில் அடங்காத சந்தேகத்தோடும் சிலர் வருவார்கள். அவர்களையும் அவள் திருப்பி அனுப்புவதில்லை.

"ஏன் சொல்ல மாட்டேன் என்கிறாள்?"

"நான் பிரித்துவிடுவேனாம்."

அம்மை சுவடியைக் கீழே வைத்தாள்.

"பிரிப்பீர்களா?"

மருதவாணர் தரையைப் பார்த்தார்.

"நான் பிரிப்பதில்லை, அம்மா. அதுவாகப் பிரிகிறது."

அவர் சொன்னது பொய் இல்லை. மருதவாணர் வசைகவி. ஒருவருடைய பெயர் காதில் விழுந்தால் போதும், அது உள்ளே போகும்போதே இரண்டாக உடையும். உடைந்த துண்டு ஒவ்வொன்றுக்கும் வேறு அர்த்தம் இருக்கும். பொன்னம்பலம் என்று ஒரு தட்டார் கோயில் நகையில் செம்பைக் கலந்தபோது மருதவாணர் பெரிய பாட்டெல்லாம் கட்டவில்லை. "பொன் அம்பலம்" என்று சந்தையில் நின்று நிறுத்திச் சொன்னார். அவ்வளவுதான். பொன் விஷயம் அம்பலமாகிவிட்டது. தட்டார் அன்றே ஊரைக் காலி செய்தார்.

அதற்குப் பிறகு ஜமீன்தார்கள்கூட அவருக்கு முதல் பந்தியில் இலை போட்டார்கள். பிரியத்தால் இல்லை.

"மகளுக்கு உங்கள் மேல் என்ன கோபம்?" என்று அம்மை கேட்டாள்.

"கோபம் இல்லை. பயம்."

"எதனால்?"

சொல்லத் தயங்கினார். பிறகு சொன்னார்.

மகள் செண்பகத்தின் கல்யாணத்தில் நடந்தது அது. மாப்பிள்ளை பெயர் தானப்பன். நல்ல பையன். தாலி கட்டி முடிந்து, எல்லோரும் சிரிப்பும் சந்தனமுமாக இருந்த நேரத்தில் யாரோ, "மாமனார் ஒரு பாட்டு எடுத்து விடட்டும்" என்றார்கள். மருதவாணருக்கும் மனம் நிறைந்திருந்தது. "மாப்பிள்ளை தானப்பன், தான் அப்பன் ஆவது எப்போ?" என்று ராகத்தோடு கேட்டார். பந்தல் முழுக்கச் சிரித்தது. மாப்பிள்ளையும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

அன்றைக்கு அது ஆசீர்வாதம் மாதிரிதான் இருந்தது.

பிள்ளை பிறக்கவில்லை. ஆண்டுகள் போயின. பாட்டு போகவில்லை. குளத்தில் தண்ணீர் எடுக்கும் பெண்கள் செண்பகத்தைப் பார்த்து, "என்ன, தான் அப்பன் ஆவது எப்போவாம்?" என்று கேட்பார்கள். தேர்க்கூட்டத்தில் யாரோ பின்னாலிருந்து ராகம் போடுவார்கள். தானப்பன் திருவிழாவுக்குப் போவதையே விட்டார்.

இப்போதுதான் பிள்ளை.

"போய்ப் பார்த்தேன், அம்மா. தூக்கச் சொன்னாள். கொஞ்சச் சொன்னாள். நான் இருந்தவரைக்கும் எல்லாரும் 'ராசா', 'தங்கம்' என்றே கூப்பிட்டார்கள். கிளம்பித் தெருமுனைக்கு வந்த பிறகு துண்டை மறந்துவிட்டது ஞாபகம் வந்து திரும்பினேன். உள்ளே யாரோ பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. என் செருப்புச் சத்தம் கேட்டதும் வீடே வாயை மூடிக்கொண்டது."



"பெயர் தெரியாமல் தாலாட்டுப் பாட முடியவில்லை. தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்கே பயமாக இருக்கிறது. இதற்கு மருந்து உண்டா?"

அம்மை கேட்டாள்: "நீங்கள் பாடியதிலேயே உங்களுக்கு ரொம்பப் பிடித்த வசை எது?"

அந்தக் கேள்வியில் மருதவாணரின் முகம் கொஞ்சம் மலர்ந்துவிட்டது. என்ன இருந்தாலும் புலவர். நிமிர்ந்து நின்று பாடினார்.

"எட்டநின்றால் நாயகம் என்பார் இவனையே
கிட்டின் அதுநா யகம்."

"செங்குளத்தில் தில்லைநாயகம் என்று ஒரு பெரிய மனிதர். அவர் மேல் பாடியது. தூர நின்று பார்த்தால் நாயகம், தலைவன். கிட்டப் போனால் நாய் அகம், நாயின் மனசு. ஏட்டில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்துத்தான், அம்மா. வாய்தான் பிரிக்கும்."

பாடம் கேட்க உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அம்மையின் உதட்டிலும் ஒரு சிரிப்பு வந்து போனது.

"நல்ல பாட்டு. தளை தட்டவில்லை. சந்தி சரியாக இருக்கிறது. அவர் எங்கே?"

"யார்?"

"பாட்டில் இருப்பவர்."

மருதவாணர் விழித்தார். "தெரியாதே."

"தேடிப் போங்கள். அவரைப் பெயர் சொல்லி ஒருமுறை கூப்பிட்டுவிட்டு வாருங்கள்."

"கூப்பிட்டு?"

"கூப்பிட்டு வேறொன்றும் வேண்டாம்."

"மன்னிப்புக் கேட்க வேண்டுமா?"

"அது உங்கள் பாடு, புலவரே. நான் சொன்னது கூப்பிடுவதை மட்டும்."

அம்மை சுவடியைக் கையில் எடுத்துவிட்டாள். இனி பேச மாட்டாள் என்று அவருக்குத் தெரிந்தது.

இது ஒரு பெரிய காரியமா என்று நினைத்துக்கொண்டேதான் அவர் புறப்பட்டார்.

*

செங்குளத்தில் அவரைக் கண்டதும் ஊரே கூடிவிட்டது. இளநீர் வெட்டினார்கள். கயிற்றுக் கட்டிலைப் போட்டார்கள்.

"அந்தப் பாட்டை உங்க வாயால ஒரு தடவை கேக்கணும், புலவரே."

அவர் பாடினார். கேட்டால் பாடாமல் இருக்க அவருக்குத் தெரியாது. அவர் முதலடியைச் சொல்ல, இரண்டாம் அடியைக் கூட்டமே சொன்னது. "நாய்" என்ற இடத்தில் எல்லோரும் ஒரே மாதிரி நிறுத்தினார்கள்.

"அவர் வீடு எது?"

காட்டினார்கள். நல்ல பெரிய வீடு. கதவில் பூட்டு தொங்கியது. வாசல் சுவரில் யாரோ கரியால் ஒரு நாயை வரைந்திருந்தார்கள். வீடு பூட்டி எத்தனையோ மழை பெய்திருக்கும். கரி மட்டும் புதுசாக இருந்தது.

"மழையில அழிஞ்சா எவனாவது திரும்ப வரைஞ்சிருவான்" என்று ஒருவர் சிரித்தார்.

"அவர் எங்கே போனார்?"

"யாருக்குத் தெரியும்? மகன் பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கிட்டுக் கப்பலேறி இலங்கைக்குப் போயிட்டான். இவரும் பொண்டாட்டியும் ஒரு நாள் விடியக்காலையில வண்டியைக் கட்டிக்கிட்டுப் போனாங்க. கீழே, ஆத்துக்குறிச்சிப் பக்கம்னு கேள்வி."

வண்டி போகும்போது சின்னப் பிள்ளைகள் பின்னாலேயே குரைத்துக்கொண்டு ஓடியதாகவும் அந்த ஆள் சொன்னார். அதைச் சொல்லும்போதும் அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது.

மருதவாணருக்கு இளநீர் பாதிக்கு மேல் இறங்கவில்லை.

*

ஆத்துக்குறிச்சியில் தில்லைநாயகம் என்று யாரையும் யாருக்கும் தெரியவில்லை.

"செங்குளத்திலிருந்து வந்தவங்களா? வெள்ளரிக்காரரைக் கேக்கிறீங்களா?"

கோடையில் ஆறு வற்றிக் கிடந்தது. கரைக்குக் கரை வெறும் மணல். எதிர்க்கரை ஓரமாக மட்டும் ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர். நடு மணலில் ஒருவர் குழி தோண்டி வெள்ளரி போட்டிருந்தார். கரையில் ஒரு ஓலைக் குடிசை.

தில்லைநாயகம் அவரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அந்தப் பாட்டைப் பாடிய நாளில் மருதவாணருக்குப் பெரிய தலைப்பாகையும் கருத்த மீசையும் இருந்தன. இப்போது இரண்டும் இல்லை.

"வழிப்போக்கரா? வெயிலாச்சே, உள்ளே வாங்க" என்றார். அவர் மனைவி காந்திமதி பானையிலிருந்து மோர் ஊற்றிக் கொடுத்தாள். பிஞ்சு வெள்ளரியை நறுக்கி உப்புத் தூவி வைத்தாள்.

"ஐயாவுடைய பேரு?" என்று மருதவாணர் கேட்டுப் பார்த்தார்.

அந்த மனிதரின் கை ஒரு கணம் நின்றது.

"வெள்ளரிக்காரன்னு கூப்பிடுங்க. போதும்."

அன்று சாயங்காலம் தில்லைநாயகம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது மருதவாணர் அவர் பின்னால் போய் நின்றார். கூப்பிட்டுவிட்டால் வேலை முடிந்தது. திரும்பிப் பார்க்காமல் போய்விடலாம். வாயைத் திறந்தார்.

"தில்லை..."

அடுத்தது வரவில்லை. நாக்கு 'நா' என்ற எழுத்துக்குப் போனதும் அங்கேயே நின்றுவிட்டது. மேலே சொன்னால் குரைத்துவிடுவோம் என்று தோன்றியது. தொண்டையைச் செருமினார்.

தில்லைநாயகம் திரும்பினார். "ஏதாச்சும் சொன்னீங்களா?"

"இல்லை. இருமல்."

அன்று அங்கேயே தங்கச் சொன்னார்கள். மறுநாள் காலையிலும் முயன்று பார்த்தார். இந்த முறை "தில்லை"யே வரவில்லை.

எத்தனை பெயரை எத்தனை சபையில் சொல்லியிருக்கிறோம், இந்த ஒரு பெயர் ஆளுக்கு நேரே வாயில் வர மாட்டேன் என்கிறதே என்று அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. தோல்விதான், அம்மையிடம் அப்படியே சொல்லிவிடலாம் என்று முடிவு செய்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

தில்லைநாயகம் அதற்குள் நடு மணலுக்குப் போய்விட்டிருந்தார். வெயிலுக்குக் காதை மூடித் தலைத்துண்டு கட்டிக்கொண்டு, கரைக்கு முதுகைக் காட்டிக் குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தார்.

"அவுககிட்டச் சொல்லிட்டுப் போங்க" என்றாள் காந்திமதி. இருவரும் கரைக்கு வந்தார்கள்.

மேற்கே மலை தெரியவில்லை. அந்த இடத்தில் கறுப்பாக ஒரு சுவர் நின்றது. இங்கே ஒரு சொட்டு மழை இல்லை. காற்று மட்டும் மலைப்பக்கமிருந்து ஓங்கி அடித்தது.

காந்திமதி சட்டென்று நின்றாள்.

"அது என்ன சத்தம்?"

நிறைய வண்டிகள் ஒன்றாக வருவது போல இருந்தது. ஆற்றின் வளைவில் மணல் நிறம் மாறியது. செம்மண் நிறத்தில் ஒரு வரப்பு நகர்ந்து வந்தது. அதன் முன்னால் சருகும் முள்ளும் உருண்டு வந்தன.

"ஏங்க!" என்று கத்தினாள் காந்திமதி. "ஏங்க! வெள்ளம்! இந்தாங்க!"

காற்று அந்தக் குரலைப் பிடுங்கிக்கொண்டு போனது. அவர் நிமிரவில்லை.

"ஐயா!" என்று மருதவாணர் கத்தினார். "பெரியவரே! வெள்ளரிக்காரரே!"

எதிர்க்கரையிலும் ஆட்கள் கத்தத் தொடங்கியிருந்தார்கள். யாரை யார் கூப்பிடுகிறார்கள் என்றே தெரியவில்லை. ஆற்றில் எப்போதும் யாராவது யாரையாவது கூப்பிட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். அவர் குனிந்தபடியே அடுத்த குழிக்குப் போனார்.

காந்திமதி வாயைத் திறந்தாள். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்பதெல்லாம் அந்த நேரத்தில் அவளுக்கு நினைவில்லை. சொல்லத்தான் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் நாக்கு ஒருமுறைகூட உருட்டாத சொல் அது. "தி... தி..." என்று திணறினாள். குரல் உடைந்து அழுகையாகப் போனது.

அவள் மருதவாணரின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"அவுக பேரு... எனக்கு வரலையே! ஐயா, அவுக பேரு..."

அவளுக்கு அவர் யாரென்று தெரியாது. அவருக்கு அந்தப் பெயர் தெரியும் என்பதும் தெரியாது.

மருதவாணர் மணலில் இறங்கி ஓடினார். ஓடிக்கொண்டே கூப்பிட்டார்.

"தில்லைநாயகம்!"

அடிவயிற்றிலிருந்து வந்தது அது. இடையில் எங்கும் மூச்சு நிற்கவில்லை.

நடு மணலில் அந்த மனிதர் நிமிர்ந்தார். திரும்பினார். அவர் முதலில் வெள்ளத்தைப் பார்க்கவில்லை. குரல் வந்த திசையைப் பார்த்தார்.

"தில்லைநாயகம்! ஓடி வாங்க! தில்லைநாயகம்!"

அப்புறம்தான் அவர் வளைவைப் பார்த்தார். களைக்கொத்தை எறிந்துவிட்டு ஓடி வந்தார். பாதி தூரத்தில் தண்ணீர் அவர் காலைப் பிடித்தது. முழங்கால், தொடை, இடுப்பு என்று ஏறியது. மருதவாணர் தோள் துண்டின் ஒரு முனையைக் கையில் சுற்றிக்கொண்டு மறுமுனையை வீசினார். முதல் தடவை எட்டவில்லை. இன்னும் இரண்டடி உள்ளே இறங்கி மறுபடி வீசினார். எட்டியது. இருவரும் ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு, முள்ளிலும் சேற்றிலும் விழுந்து எழுந்து கரையேறினார்கள்.

திரும்பிப் பார்த்தபோது வெள்ளரித் தோட்டம் இருந்த இடத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

*

காந்திமதி புருஷனின் முதுகைத் தேய்த்தபடியே அழுதாள்.

தில்லைநாயகத்துக்கு மூச்சு சீரானதும் முதலில் கேட்டது இதுதான்.

"யாரு என்னைக் கூப்பிட்டது?"

"இவுகதான்."

"இந்த ஊர்ல என் பேரு யாருக்கும் தெரியாதே."

மருதவாணர் சேற்றில் உட்கார்ந்திருந்தார். பொய் சொல்லியிருக்கலாம். செங்குளத்துப் பக்கத்து ஆள் என்று சொன்னால் நம்பியிருப்பார்கள்.

"நான் மருதவாணன்" என்றார்.

காந்திமதியின் கை நின்றுவிட்டது.

"எந்த மருதவாணன்?"

அவள் எழுந்தாள்.

"நீதானா அது? எம் பிள்ளை எங்கே போனாலும் அப்பன் பேரைக் கேப்பாங்களேன்னு பயந்து பயந்து, கடைசியில கப்பலேறிட்டான்யா. அங்கே வேற பேரு சொல்லிக்கிட்டுத் திரியுதானாம். ஒரு பேரைச் சொல்ல முடியாம ஒரு குடும்பமே..."

மேலே பேச முடியாமல் குடிசைப் பக்கம் போய்விட்டாள்.

தில்லைநாயகம் தலைத்துண்டைப் பிழிந்தார். மெதுவாக முகத்தைத் துடைத்தார்.

"அந்தப் பாட்டு இன்னும் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"சொல்லுங்க."

"வேண்டாம், ஐயா."

"நான் அதை முழுசாக் கேட்டதே இல்லை, புலவரே. நான் வர்றதைப் பார்த்தா நிறுத்திருவாங்க. எனக்குச் சிரிப்பு மட்டும்தான் கேக்கும். பாட்டு என்னன்னு கேக்கிறதுக்கு எனக்கு ஆசை உண்டு."

மருதவாணர் சொன்னார். எத்தனையோ சபைகளில் மணி மாதிரி விழுந்த பாட்டு. இப்போது இரண்டு அடியைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

தில்லைநாயகம் கண்ணை மூடிக் கேட்டார். அவரும் தமிழ் படித்தவர். விரலால் தொடையில் தட்டிப் பார்த்தார்.

"எட்ட... கிட்டின்... எதுகை நல்லா விழுந்திருக்கு."

கண்ணைத் திறந்து ஆற்றைப் பார்த்தார்.

"நல்ல பாட்டுத்தான். எவனோ ஒருத்தன் மேல பாடியிருந்தா நானும் சிரிச்சிருப்பேன்."

மருதவாணர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அன்னிக்குக் கோயில் மண்டபத்துல நீங்க வந்தப்போ நான் எந்திரிக்கலை. அதுக்குத்தானே?"

"ஆமா."

"சபையே எந்திரிச்சது. நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். உங்களுக்குக் கோபம் வந்திருக்கும். என் பேத்திக்கு அஞ்சாறு நாளாக் காய்ச்சல். அழுது அழுது அப்பதான் என் மடியில கண் அசந்தா. எந்திரிச்சா முழிச்சுக்குவாளேன்னு இருந்துட்டேன்."

மருதவாணர் நிமிரவில்லை. இரண்டு கையாலும் மணலை அள்ளி அள்ளி, என்ன செய்கிறோம் என்று தெரியாமல், மறுபடி கீழே விட்டுக்கொண்டிருந்தார். அப்படியே முன்னால் சரிந்து, அந்த மனிதரின் சேறு படிந்த காலைப் பிடித்துக்கொண்டார்.

"எந்திரிங்க" என்றார் தில்லைநாயகம். "குளிரும். எந்திரிங்க."

காந்திமதி திரும்பி வந்தாள். புலவர் பக்கம் பார்க்கவில்லை. உலர்ந்த வேட்டி ஒன்றை அவர் அருகில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

வெள்ளம் பார்க்க ஊரார் வந்துகொண்டிருந்தார்கள். எதிர்க்கரையில் கத்தியவர்களின் உறவுக்காரர்கள், வலைக்காரர்கள், ஆடு மேய்ப்பவர்கள். ஆள் பிழைத்ததைக் கண்டு ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒரு வலைக்காரர் முன்னால் வந்தார்.

"வெள்ளரிக்காரரே, உங்க பேரு தில்லைநாயகமா? அங்கே வரைக்கும் கேட்டுச்சு. நல்ல பேராச்சே! இத்தனை நாளாச் சொல்லவே இல்லையே?"

தில்லைநாயகம் அந்த வலைக்காரரின் முகத்தைத் தேடித் தேடிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. வெறும் கேள்விதான்.

"ஆமா" என்றார். "தில்லைநாயகம்தான்."

*

திரும்பும் வழியில் மருதவாணர் அம்மையின் வீட்டுப் பக்கம் வந்தார். பாடம் நடந்துகொண்டிருந்தது. அவர் காலில் முள் கிழித்த கோடுகள் இருந்தன. இடுப்பில் வேறு யாருடையதோ வேட்டி.

"கூப்பிட்டீர்களா?"

"கூப்பிட்டேன், அம்மா."

அம்மை பாடத்தை நிறுத்தவில்லை. பாடம் கேட்பவர்களைக் கேட்பது போலவே அவரையும் கேட்டாள்.

"அந்தப் பெயரில் எத்தனை சொல், புலவரே?"

உட்கார்ந்திருந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். ஒரு பெண் இரண்டு விரலை மடக்கி எண்ணினாள்.

மருதவாணர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"தெரியவில்லை, அம்மா. கூப்பிட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார்."

அம்மை சுவடியைக் கட்டினாள்.

"இன்றைக்குப் பாடம் இவ்வளவுதான்" என்றாள்.

*

செண்பகம் அடுப்படியில் இருந்தாள். கூடத்தில் பிள்ளை பாயில் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தது. மருதவாணர் வாசலிலேயே நின்று, "நான்தான்" என்று குரல் கொடுத்தார்.

"வாங்கப்பா. என்ன இப்படி இளைச்சுட்டீங்க?"

அவர் பாயில் உட்கார்ந்தார். பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பெயர் கேட்கவில்லை. "ராசா" என்றும் சொல்லவில்லை. அதன் உள்ளங்காலைத் தன் கட்டைவிரலால் தடவிக்கொண்டு சும்மா இருந்தார்.

செண்பகம் நிலைப்படியில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் கேட்பார் கேட்பார் என்று இருந்தாள். அடுப்பில் சோறு பொங்கியது. போய் இறக்கி வைத்துவிட்டு வந்து மறுபடி அதே இடத்தில் நின்றாள்.

தானப்பன் உள்ளறையிலிருந்து வெளியே வந்து, மாமனாரைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"வாங்க, தானப்பன்" என்றார் மருதவாணர்.

தானப்பன் மனைவியைப் பார்த்தார். செண்பகம் அவரைப் பார்த்தாள். பிறகு அவள் அப்பாவின் அருகில் வந்து குந்தி உட்கார்ந்தாள்.

"ஆவுடையப்பன்" என்றாள். "அதான் இவன் பேரு."

சொல்லிவிட்டு அவர் வாயையே பார்த்தாள்.

மருதவாணர் மடியில் இருந்த முகத்தைக் குனிந்து பார்த்தார். வாய் ஓரத்தில் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துண்டின் நுனியால் ஒற்றி எடுத்தார்.

"ஆவுடையப்பன் பால் குடிச்சானா?" என்று கேட்டார்.